இம்யூனோதெரபியும் நரம்புத் தொந்தரவும்: வார்டு சிஸ்டர் பதில்கள்

(கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் குடும்பங்கள் கேட்டவை. இம்யூனோதெரபி என்பது நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டு புற்றை அடிக்கும் சிகிச்சை.)

ஊத்தங்கரை: அக்கா, 16 வயசுத் தங்கச்சிக்கு லுக்கேமியா, ரத்தப் புற்று. பெங்களூரில் கார்-டி செல் ஏற்றினார்கள். தினமும் ஒரு வரி எழுதச் சொல்கிறார்களே, எதற்கு?

அது மூளைக்கான பரிசோதனை, தம்பி. கார்-டி என்பது புற்றைத் தாக்கும்படி மாற்றிய நோய் எதிர்ப்புச் செல்கள். அவை புற்றோடு மோதும்போது சைட்டோகைன்கள் என்ற வீக்கம் உண்டாக்கும் ரசாயனங்கள் பெருகும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அப்போது தளரலாம். அதனால் வரும் மூளைத் தொந்தரவை ஐகேன்ஸ் என்பார்கள். பெரும்பாலும் முதல் சில வாரத்துக்குள் வரும். முதலில் தடுமாறுவது பேச்சும் எழுத்தும்தான். அதனால்தான் எழுதச் சொல்வது, 100லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வது, என்ன மாதம், எந்த ஊர் என்று கேட்பது எல்லாம். சின்னக் குழந்தைகளிடம் இது செல்லாது; கண்ணைப் பார்க்கிறதா, சுற்றி நடப்பதைக் கவனிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் அதே வரியை ஒரே நோட்டில் எழுத வையுங்கள். நேற்று நேராக இருந்த எழுத்து இன்று கோணினாலோ, பொருளின் பெயர் வாயில் வராமல் திணறினாலோ, தூக்கக் கலக்கம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சீக்கிரம் பிடித்தால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். டாக்டர் சொல்லும்வரை ஊருக்கு வராமல் மருத்துவமனை பக்கத்திலேயே தங்குங்கள். செலவுதான், புரிகிறது. ஆனால் நடுராத்திரி வலிப்பு வந்தால் ஊத்தங்கரையிலிருந்து பெங்களூர் ரொம்ப தூரம்.

பாலக்கோடு: சிஸ்டர், பையனுக்கு 6 வயசு. பிளினாட்டுமோமாப் என்ற புற்று மருந்தை விடாமல் ஏற்றும் பம்போடு வீட்டில் இருக்கிறான். கை நடுங்குகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா, இப்போதே வார்டுக்கு போன் போடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்வார்கள். பக்கத்து கிளினிக்கில் யாரையும் அந்த லைனை ஃப்ளஷ் பண்ண, அதாவது உப்பு நீர் தள்ளிக் கழுவ, விடாதீர்கள். குழாயில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம், வாயிலும் எதையும் வைக்காதீர்கள்.

அரூர்: 3 வயசுப் பாப்பாவுக்கு நியூரோபிளாஸ்டோமா, நரம்புச் செல்லில் வரும் புற்று. டினுடுக்சிமாப் மருந்து ஏறும்போது வலியில் கதறுகிறாள்.

அந்த மருந்து புற்றுச் செல்லின் மேல் தேடும் ஜிடி2 என்ற பொருள் வலி நரம்புகளிலும் இருக்கிறது, அதனால்தான். மார்ஃபின், காபாபென்டின் போன்ற வலி மருந்தெல்லாம் முன்கூட்டியே கொடுப்பார்கள். போதவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். குழந்தை பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இல்லை இது.

ஓசூர்: 22 வயசு, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து போகிறது. சாயங்காலமானால் இமை தொங்குகிறது, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது.

அடுத்த டோஸ் தேதிவரை காத்திருக்காதீர்கள், இன்றே போங்கள். மயஸ்தீனியாவாக, அதாவது நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போகாத நோயாக, இருக்கலாம்; விழுங்கவும் மூச்சுவிடவும் உதவும் தசைகளுக்குப் பரவினால் ஆபத்து. இதயத் தசையும் கூடவே வீங்கக்கூடும், இசிஜி கேளுங்கள். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் கீமோ என்று சொல்லாமல் நிவோலுமாப் என்று பெயரோடு சொல்லுங்கள். மருந்து முடிந்து மாதங்கள் கழித்தும் இது வரும் என்பதால், மருந்தின் பெயர் எழுதிய சீட்டைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.