கேளுங்கள், சொல்கிறேன்: ‘ஃபாஸ்ட்’ என்ன சொல்?

கேள்வி: என் மகன் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கிறான். ‘ஃபாஸ்ட்’ என்பது அட்ஜெக்டிவ் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ‘ஷீ ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்ற வாக்கியத்தில் அப்படியே எழுதினான், ஆசிரியர் தப்பு என்று கோடு போட்டுவிட்டார். அகராதியில் அட்ஜெக்டிவ் என்றுதானே இருக்கிறது? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: அகராதியில் அதற்குக் கீழேயே அட்வெர்ப் என்றும் போட்டிருக்கும், பாருங்கள் அம்மா. ஆசிரியர் செய்தது சரி. தப்பு, சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ததில்தான் இருக்கிறது.

பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: “மாடிப்படியில் உட்கார்ந்து, நான் சொன்னபடி படி.” மூன்று ‘படி’. முதலாவது பெயர், கடைசி வினை, நடுவில் இருப்பது சொன்ன என்பதோடு ஒட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கிறது. அவனுக்குக் குழப்பமே வராது. ஆனால் ‘படி’ மட்டும் எழுதி இது என்ன சொல் என்று கேட்டால் தமிழாசிரியரே எந்த வாக்கியத்தில் என்று திருப்பிக் கேட்பார், இல்லையா? ஆங்கிலத்தில் இந்த மாதிரிச் சொற்கள் ஏராளம். ‘ரவுண்ட்’ ஒன்றே போதும்: ரவுண்ட் டேபிள் என்றால் அட்ஜெக்டிவ், குத்துச்சண்டையில் ஃபர்ஸ்ட் ரவுண்ட் என்றால் நவுன், ‘த பஸ் ரவுண்ட்ஸ் த கார்னர்’ என்று பஸ் முனையைச் சுற்றித் திரும்பினால் வெர்ப், டர்ன் ரவுண்ட் என்றால் அட்வெர்ப், வாக் ரவுண்ட் த ஹவுஸ் என்றால் ப்ரெபொசிஷன்.

நமக்கு இது ஏன் உதைக்கிறது என்றால், தமிழில் சொல்லின் வால் வேலையைச் சொல்லிவிடும். ‘நாய் பூனையைக் கடித்தது’ என்பதை ‘பூனையை நாய் கடித்தது’ என்று மாற்றினாலும் கடிபட்டது பூனைதான், ‘ஐ’ காவல் நிற்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி வால்கள் இருந்தன, காலப்போக்கில் பெரும்பாலும் தேய்ந்துபோயின. இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

ஒரு குறுக்குவழி சொல்கிறேன். தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். ‘ஃபாஸ்ட் கார்’ வேகமான கார், ‘ஆன’ வருகிறது, அட்ஜெக்டிவ். ‘ரன்ஸ் ஃபாஸ்ட்’ வேகமாக ஓடுகிறாள், ‘ஆக’ வருகிறது, அட்வெர்ப். பள்ளியில் பெயரடை, வினையடை என்று படித்தானே, அதே சமாசாரம்தான். ஆனால் ஒரு இடத்தில் இது காலை வாரிவிடும். ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று நாம் ‘ஆக’ போடுகிறோம், ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் ப்யூட்டிஃபுல்’, அது அட்ஜெக்டிவ். நாசி கண்டார் கடையில் குழம்பு வாசமாக இருந்தாலும் ‘இட் ஸ்மெல்ஸ் நைஸ்’தான், ‘நைஸ்லி’ இல்லை. இஸ், வாஸ், ஸ்மெல்ஸ், டேஸ்ட்ஸ் வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்லுங்கள்.

‘லி’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்ற விதியையும் முழுசாக நம்ப வேண்டாம். ஃப்ரெண்ட்லி அட்ஜெக்டிவ். நான் முதல் வேலைக்கு எழுதிய கடிதத்தில் ‘ஹார்ட்’ அட்ஜெக்டிவ் ஆயிற்றே, வினையோடு வந்தால் ‘லி’ சேர்க்க வேண்டாமா என்று யோசித்து, ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்று எழுதிவிட்டேன். நான் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை என்று அர்த்தம். நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை.

கேள்வி: ஆங்கிலச் சொற்கள் ஒரு புத்தகத்தில் எட்டு வகை, இன்னொன்றில் ஒன்பது. எது சரி? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: எட்டு என்பது பழைய கிரேக்க இலக்கணக் கணக்கு. லத்தீனில் ‘எ’, ‘த’ மாதிரி ஆர்ட்டிக்கிள் கிடையாது, அதனால் அதை எடுத்துவிட்டு ‘ஐயோ’, ‘ஆஹா’ மாதிரியான இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டைக் காப்பாற்றினார்கள்! ஆங்கிலம் லத்தீனைப் பார்த்து எழுதிக்கொண்டது, சிலர் ஆர்ட்டிக்கிளையும் சேர்த்து ஒன்பது என்றார்கள், இப்போது பல அகராதிகள் அதை டிடெர்மினர் என்கின்றன. நம் தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று நாலோடு நிறுத்திக்கொண்டார். பரீட்சைக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்.

கேள்வி: ‘ஆஃப் த ஃபேன்’ என்றால் டீச்சர் சிரிக்கிறார். வீட்டில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்? (மாணவி, ஜார்ஜ்டவுன்)

பதில்: சொல்கிறோம், நானும்தான். ஆனால் தேர்வுத்தாளில் ‘ஆஃப்’ அங்கே வெர்ப் வேலை பார்க்காது, ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று முன்னால் ஒரு வெர்ப் வேண்டும். நம் மலேசியப் பேச்சுக்கு வேறு கணக்கு. காரைப் பின்னால் எடுக்க ‘கோஸ்தான்’ என்கிறோமே, அது கப்பல்காரர்களின் ‘கோ அஸ்டெர்ன்’, வெர்ப்பும் அட்வெர்ப்பும் ஒட்டி ஒரே வினையாகிவிட்டது. பேச்சின் கடைசியில் ஒட்டுகிற ‘லா’ இருக்கிறதே, தனியாக நிற்காது, எதையாவது பிடித்துக்கொண்டுதான் வரும். என்னைக் கேட்டால் அது சுத்தமான இடைச்சொல்.