ஒரு சேலை விற்றால் கையில் என்ன மிஞ்சும்? இணையக் கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். எட்டு மாதமாகிறது. ஃபாலோயர்கள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். மாதம் 3,000 ரூபாய்க்கு பூஸ்ட் (பதிவைக் காசு கொடுத்து அதிகம் பேருக்குக் காட்டும் விளம்பரம்) போடுகிறேன். ரீல்ஸை ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். ஆர்டர் என்னவோ மாதம் ஆறுதான். பூஸ்ட் தொகையைக் கூட்டலாமா?
– வாசகி, சின்னாளப்பட்டி

கூட்ட வேண்டாம். முதலில் ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு சேலைக்குக் கணக்குப் போடுங்கள். சேலையை 950 ரூபாய்க்கு, கூரியர் செலவையும் நீங்களே ஏற்று விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 600, கவரும் அட்டையும் 20, கூரியர் 80, பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து 22. போக மிஞ்சுவது 228 ரூபாய். பூஸ்டுக்கு 3,000 என்றாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 3,540 போகிறது. அதை ஆறு ஆர்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 590. அதாவது ஒவ்வொரு சேலைக்கும் 362 ரூபாய் கையிலிருந்து போகிறது. விளம்பரச் செலவை எடுக்கவே மாதம் 16 சேலை விற்றாக வேண்டும். இந்த நிலையில் தொகையைக் கூட்டினால் நஷ்டம்தான் கூடும். உங்கள் எண்களைப் போட்டு இந்தக் கணக்கை மறுபடி எழுதிக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்து, பூஸ்ட் பொத்தானைப் பார்ப்போம். அவசரத்தில் அழுத்தும்போது பெரும்பாலும் நோக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். 'புரொஃபைலுக்கு வருகை' என்று இருந்தால், புரொஃபைலைத் தட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களைத் தேடித்தான் அந்த விளம்பரம் போகும். வாங்குகிறவர்களைத் தேடாது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜர் என்ற விளம்பரப் பக்கத்துக்குள் போய், வாட்ஸ்அப்பில் உரையாடல் தொடங்கும்படியான விளம்பரமாக வையுங்கள். தினம் 100 ரூபாய் போதும். ஆனால் அந்த நூறை ஐந்து விளம்பரத் தொகுப்புகளாகப் பிரிக்காதீர்கள். ஒரு தொகுப்பு வாரத்துக்குச் சுமார் 50 பலன்களை (இங்கே, தொடங்கிய உரையாடல்களை) பார்த்த பிறகுதான் யாருக்குக் காட்டுவது என்று அந்த அமைப்பு நிதானத்துக்கு வரும். பிரித்தால் ஒன்றுமே தேறாது. இரண்டாம் நாளே படத்தை மாற்றுவது, ஊரை மாற்றுவது என்று கை வைத்தால் அந்தக் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். எந்தெந்த ஊர் என்று தேர்வு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், விற்பனை சிறியதாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் சேலை அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு பெங்களூரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. வாட்ஸ்அப் இணைப்பில், தட்டியதும் தானாக வந்து நிற்கும் செய்தியை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். விளம்பரத்தில் 'சேலை பார்க்கணும் – அ1', புரொஃபைலில் உள்ள இணைப்பில் 'சேலை பார்க்கணும் – ப1' என்று வையுங்கள். மாதக் கடைசியில் அ1 எத்தனை, அதில் வாங்கியது எத்தனை என்று எண்ணிவிடலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். பார்க்கிறவர்கள் வாங்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பதிவிலேயே இருக்கும். 'விலைக்கு டிஎம் (தனிச்செய்தி) செய்யவும்' என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். நூறு பேர் பார்த்தால் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். பதில் வர ஒரு மணி நேரம் ஆனால் கேட்டவரும் போய்விடுவார். விலையைப் படத்திலேயே போடுங்கள். சேலை வாங்குகிறவர் மனதில் ஐந்து கேள்விகள் ஓடும்: நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, எத்தனை நாளில் வரும், பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா. ஐந்துக்கும் பதிவிலேயே விடை இருக்கட்டும். சாயம் பற்றி மறைக்காமல் எழுதுங்கள். 'முதல் இரண்டு அலசலில் லேசாகச் சாயம் இறங்கும். கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக அலசவும்' என்று சொன்ன கடையை நம்புவார்கள்.

சுங்குடிக்கு இன்னொன்று. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதும் உண்டு, புள்ளியை அச்சில் போட்டதும் உண்டு. இரண்டின் விலையும் வேறு. எது எது என்று வெளிப்படையாக எழுதுங்கள். முடிச்சுச் சேலை என்றால் ஒரு புள்ளியை மிக அருகில் படமெடுங்கள்: முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும், வட்டத்தின் ஓரம் சீராக இருக்காது, புள்ளிக்குப் புள்ளி அளவு கொஞ்சம் மாறும். அந்த ஒரு படம் பத்து வரி வர்ணனையைவிட வலுவானது.

படமெடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் அரக்கு நிறம் செங்கல் நிறமாகத் தெரியும். வெயில் நேராக விழாத ஜன்னலோரம், காலை ஒன்பது பத்து மணி நல்ல நேரம். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அது திரையிலும் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். 'படத்தில் பார்த்த கலர் இல்லை' என்று திரும்பி வரும் சேலைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே கெட்டவை.

புரொஃபைலில் பெயர் எழுதும் கட்டத்தில் கடையின் பெயரை மட்டும் போட்டிருப்பீர்கள். இன்ஸ்டாகிராம் தேடலில் அந்தக் கட்டத்தையும் பார்க்கும். கடைப்பெயரோடு 'சுங்குடி சேலை' என்பதையும் சேர்த்து, ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள்.

வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி விற்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் 700 பேர் எண் வைத்திருக்கிறேன். பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்பினால் பாதிப் பேருக்கு மேல் போய்ச் சேருவதே இல்லை. ஏன்?
– வாசகி, ஈரோடு

பிராட்காஸ்ட் பட்டியலில் செய்தி யாருக்குப் போகும் என்றால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருப்பது போதாது. ஒரு பட்டியலில் 256 பேர்தான் என்ற வரம்பும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சீட்டு வையுங்கள்: 'அடுத்த முறை அரைக்கும் தேதியைத் தெரிந்துகொள்ள இந்த எண்ணைச் சேமிக்கவும்.' முதல் ஆர்டர் போய்ச் சேர்ந்த அன்றே இதையே செய்தியாகவும் அனுப்புங்கள். பொடி பிடித்துப்போன அந்த நேரத்தில் கேட்டால் சேமிப்பார்கள்.

700 பேருக்கும் ஒரே செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள். வாடிக்கையாளர்களைப் பெயரிட்டுப் பிரிக்கும் லேபிள் வசதி எதற்கு இருக்கிறது? 'சாம்பார்ப் பொடி – 5ஆம் தேதி வாரம்', 'பருப்புப் பொடி', 'விசாரித்தவர், வாங்கவில்லை' என்று பிரியுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 200 கிராம் சாம்பார்ப் பொடி ஏறத்தாழ ஒரு மாதம் வரும். வாங்கியதிலிருந்து 24ஆம் நாள் 'பொடி தீரப்போகிறதா? வியாழன் அரைக்கிறோம், வெள்ளி அனுப்புகிறோம்' என்று அனுப்புங்கள். இதற்கு ஆகும் செலவு பூஜ்யம். புதிதாக ஒருவரைப் பிடிக்க விளம்பரத்துக்குக் கொடுப்பதை நினைத்துப் பார்த்தால், பழைய வாடிக்கையாளரின் இந்த 24ஆம் நாள்தான் உங்கள் கடையின் மிகப் பெரிய சொத்து. அரைக்கும் தேதியைச் சொன்னால் அதுவே விளம்பரம். 'ஃப்ரெஷ்' என்று தனியாக எழுதவே வேண்டாம்.

விலைப்பட்டியலைப் படமாக அனுப்பிக்கொண்டிருந்தால், வாட்ஸ்அப் பிசினஸிலேயே உள்ள கேட்டலாக் என்ற பொருள் பட்டியலுக்கு மாறுங்கள். 500 பொருட்கள் வரை ஏற்றலாம். தட்டியதும் கூடையில் சேரும். எப்போதும் வரும் கேள்விகளுக்கு 'குயிக் ரிப்ளை' என்ற தயார் பதில்களை எழுதிவையுங்கள். வெளியிலிருந்து எண்களை விலைக்கு வாங்கி மட்டும் அனுப்பாதீர்கள். பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் எண்ணே முடங்கக்கூடும்; வருஷக்கணக்கில் சேர்த்த வாடிக்கை ஒரே நாளில் கையைவிட்டுப் போகும்.

உணவுப் பொருள் என்பதால் ஒரு வார்த்தை: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி இவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். கேட்டலாகிலும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். முதல்முறை வாங்குகிறவர் அதைத் தேடிப் பார்ப்பார்.

நேந்திரங்காய் சிப்ஸ் விற்கிறோம். சிஓடி (பொருள் கைக்கு வந்ததும் பணம்) கொடுத்தால் ஆர்டர் குவிகிறது. ஆனால் பத்தில் மூன்று திரும்பி வருகிறது. சிஓடியை நிறுத்தினால் ஆர்டரே இல்லை. கூரியர் பில்லும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருகிறது.
– வாசகர், நாகர்கோவில்

இரண்டு தனித்தனி ஓட்டைகள் இவை. பெட்டியிலிருந்து தொடங்குவோம். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார். வரும் எண், உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 30, 25, 20 அளவுள்ள பெட்டி என்றால் 15,000; வகுத்தால் 3 கிலோ. உள்ளே இருப்பதோ 1 கிலோ சிப்ஸ். அதையே கால் கிலோ பாக்கெட் நாலாகப் போட்டு, படுக்கவைத்து அடுக்கி, 25, 20, 12 பெட்டியில் அனுப்பினால் 6,000, வெறும் 1.2 கிலோ. பாக்கெட்டில் காற்று அடைப்பதையும் சிப்ஸ் நொறுங்காத அளவோடு நிறுத்துங்கள். அட்டைக்காரரிடம் இந்த அளவைச் சொல்லித் தனியாகச் செய்து வாங்குவது நல்லது.

இனி சிஓடி. ஓர் ஆர்டரில் உங்களுக்கு 130 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், ஏழு ஆர்டரில் 910. திரும்பிய மூன்றுக்கும் போக 120, வர 100, விற்க முடியாமல் போன சிப்ஸ் 200, ஆக 420 வீதம் 1,260. பத்து ஆர்டர் எடுத்து 350 ரூபாய் நஷ்டம். சேலை திரும்பி வந்தால் மறுபடி விற்கலாம்; சிப்ஸ் பத்து நாள் லாரியில் சுற்றிவிட்டு வந்தால் குப்பைக்குத்தான். அதனால் முழு சிஓடி உங்கள் பொருளுக்கு ஒத்துவராது.

அதற்காக அடியோடு நிறுத்த வேண்டாம். 100 ரூபாய் முன்பணம் யுபிஐயில், மீதி டெலிவரியில் என்று மாற்றுங்கள். முழுப் பணமும் முன்பே தருகிறவருக்கு 30 ரூபாய் குறையுங்கள். திரும்பி வரும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆர்டர் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முகவரியைத் திருப்பி அனுப்பி, 'பக்கத்தில் அடையாளம் என்ன?' என்று கேளுங்கள். வேண்டும் என்று நினைப்பவர் 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்று பதில் போடுவார். மாலைவரை பதில் இல்லையென்றால் ஒரு போன், எடுக்கவில்லையென்றால் அனுப்பாதீர்கள். திரும்பி வந்த பார்சல்களின் பின்கோடுகளைக் குறித்துவையுங்கள். ஒரே பின்கோடு மூன்று முறை வந்தால் அந்தப் பகுதிக்கு சிஓடியை எடுத்துவிடலாம். குறை அங்குள்ள டெலிவரியிலும் இருக்கக்கூடும். பார்சல் சேரும் நாளன்று காலை, எவ்வளவு பணம் எடுத்துவைக்க வேண்டும் என்று செய்தி போகட்டும். ஆர்டர் போட்ட நாளுக்கும் கைக்கு வரும் நாளுக்கும் இடைவெளி நீள நீள ஆசை ஆறிவிடும். அதனால் மறுநாளே அனுப்பப் பாருங்கள்.

நாச்சியார்கோயில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு வெப்சைட் வைத்திருக்கிறோம். கூகுளில் தேடினால் எங்கள் பெயரே வருவதில்லை.
– வாசகர், கும்பகோணம்

பக்கங்களின் தலைப்பைப் பாருங்கள். 'விளக்கு மாடல் 14' என்று இருந்தால் யார் தேடுவார்கள்? ஜனங்கள் தட்டுவது '3 அடி குத்துவிளக்கு விலை', 'அன்னம் வைத்த குத்துவிளக்கு' போன்றவற்றை. தலைப்பில் ஊர், உலோகம், உயரம் மூன்றும் வரட்டும். எடை கீழே முதல் வரியில் வரட்டும், ஏனென்றால் பித்தளையை எடை பார்த்துத்தான் வாங்குவார்கள். அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, அன்னம் என்று கழற்றி மாட்டலாமா என்பதையும் எழுதுங்கள். தேய்த்துக் கழுவுகிறவருக்கு அதுதான் கேள்வி. இந்த விவரங்களைப் படத்துக்குள் அழகாக வடிவமைத்துப் போடுவதைவிட, பக்கத்தில் எழுத்தாகத் தட்டச்சு செய்வது நல்லது. கூகுள் படித்துப் பட்டியலிட எழுத்துதான் உதவும். பெயரை ஆங்கில எழுத்தில் பலவிதமாக எழுதுகிறார்கள். விவரத்தில் ஓரிடத்தில் அவற்றில் இரண்டையாவது சேர்த்துவிடுங்கள்.

அதன் பிறகு, தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து சைட்மேப்பை (பக்கங்களின் பட்டியலை) கொடுங்கள். எந்தப் பக்கம் பட்டியலில் ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று அங்கே தெரியும். கடைக்காரர்களுக்கான கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் பொருட்களை ஏற்றினால் கூகுளின் ஷாப்பிங் பகுதியில் காசில்லாமலே இடம் கிடைக்க வாய்ப்புண்டு. அங்கே காட்டும் விலையும் உங்கள் தளத்தில் உள்ள விலையும் ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது, மாறினால் பொருளை நிராகரித்துவிடுவார்கள். கூகுள் மேப்பில் வரும் பிசினஸ் புரொஃபைல், இணையத்தில் மட்டும் விற்கும் கடைக்குக் கிடையாது. உங்கள் பட்டறைக்குக் குறித்த நேரத்தில் ஆட்கள் நேரில் வந்து வாங்குவது உண்மையானால் மட்டும் பதியுங்கள்.

நண்பர்களை வைத்து 5 ஸ்டார் ரிவ்யூ போடச் சொல்லலாமா? '2 மட்டுமே மீதம்' என்று போட்டால் வேகமாக விற்கும் என்கிறார்களே?
– வாசகர், திருப்பூர்

இரண்டும் வேண்டாம். விற்பவரே வாடிக்கையாளர்போல ரிவ்யூ எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் உள்ள 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. உண்மையிலேயே இரண்டுதான் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். நிஜ ரிவ்யூ வேண்டுமென்றால், பொருள் சேர்ந்த நாலாம் நாள் 'துவைத்த பிறகு எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். 'நல்லாருக்கு' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் இரண்டு வரி வரும். அவர் அனுமதியோடு அதைப் போடுங்கள்.

தீபாவளிக்கு எல்லோரும் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். நாங்கள் தராவிட்டால் ஆள் வருமா?
– வாசகி, மதுரை

முதல் கேள்வியில் உள்ள அதே சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் குறைத்தால் விலை 760. எல்லாச் செலவும் போக மிஞ்சுவது 42 ரூபாய். 228ஐத் திரும்பப் பெற ஐந்து மடங்குக்கு மேல் விற்க வேண்டும்; அத்தனை பார்சலையும் நீங்களேதான் கட்ட வேண்டும். பெரிய கடைகளோடு விலையில் மோத வேண்டாம். இரண்டு சேலைகளை ஒரே பெட்டியில் போட்டு 1,800க்குக் கொடுங்கள். கொள்முதல் 1,200, கவரும் அட்டையும் 30, கூரியர் 110, கேட்வே 42 போக 418 மிஞ்சும். வாங்குகிறவருக்கு 100 ரூபாய் லாபம், உங்களுக்கும் நஷ்டமில்லை. அம்மாவுக்கும் மாமியாருக்கும் சேர்த்து வாங்குகிற பண்டிகை அது; ஜோடியாகப் படமெடுத்துப் போடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கூரியர் கிடங்குகள் நிரம்பி வழியும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தேதியைக் 'கடைசி ஆர்டர் தேதி' என்று முடிவு செய்து, மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே எல்லாப் பதிவிலும் போடுங்கள். அதற்குப் பிறகு கேட்பவரிடம் 'தீபாவளிக்குள் வராது, அடுத்த வாரம் வரும், பரவாயில்லையா?' என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு பணம் பெறுங்கள்.