ஊசி பயாப்சியில் முடிவு தெரியவில்லை என்றால் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்ட தம்பி, அப்பாவின் நுரையீரல் கட்டியில் எடுத்த ஊசி பயாப்சி (ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது) 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று வந்திருக்கிறது, அப்படியானால் புற்றுநோய் இல்லைதானே என்கிறீர்கள். இல்லை, அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம், நடுவில் செத்துப்போன திசு மட்டும் வந்திருக்கலாம், சின்னக் கட்டி என்றால் மூச்சு விடும்போதே நகர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் 'வெறும் அழற்சி' என்று வரும் வரியையும் நான் முழுதாக நம்பமாட்டேன்; காசநோய், ஹமார்ட்டோமா (புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி) என்று நோயின் பெயரோடு வந்தால்தான் நிம்மதி. தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம், அதனால் மாதிரியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் படம்) மட்டும் போதாது, அதில் காசநோயும் புற்றுநோய் மாதிரியே ஒளிரும்.

அப்புறம் ஊசி பயாப்சி '90 சதவீதத்துக்கு மேல் துல்லியம்' என்று சொல்வார்களே, அந்தக் கதை. சில ஆய்வுகளில் இப்படி முடிவு தெரியாத கேஸ்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை (வசதிதான்!), சேர்த்தால் எண் இறங்கிவிடும்.

சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி பயாப்சி, பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது), இல்லை அறுவை சிகிச்சை. சந்தேகம் குறைவென்றால் சில வாரமோ மாதமோ கழித்து சி.டி. எடுத்து, கட்டி வளர்ந்ததா என்று பார்ப்பார்கள். எது என்பதை நுரையீரல் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.