‘கால்’ என்றால் ‘கல்’ என்று எழுதுகிறாள்: காது மந்தமா, டிஸ்லெக்சியாவா?

கிளிநொச்சியில் தரம் 2 படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் கேட்டல் பரிசோதனை செய்வியுங்கள். நடுக்காதில் நீர் தேங்கினாலும் இப்படி வரும். காது சரியென்றால், டிஸ்லெக்சியாவை, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாட்டை, யோசிக்கலாம். அந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சத்தம் நன்றாகவே கேட்கும்; நெருங்கிய இரண்டு ஒலிகளின் எல்லைதான் தெளிவாக இராது. தகரக் கூரையில் மழை அடிக்கும் வகுப்பில் இன்னும் மோசமாகும்.

வீட்டில் பார்க்க, வாயைக் கடதாசியால் மறைத்து 20 சோடிகள் சொல்லி ‘ஒன்றா, வேறா?’ என்று கேளுங்கள். பாதி கல்–கல், பாதி கல்–கால், படம்–பட்டம், எல்லாம் கலந்து. 10 அளவில்தான் சரி வந்தால் அது வெறும் ஊகம். ழ–ள சோடி வேண்டாம். எங்கள் பேச்சில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கும். எல்லாம் சரியாகச் சொன்னாலும் டிஸ்லெக்சியா இல்லையென்று ஆகாது. தெரிந்த சொல்லில் சமாளிக்கும் பிள்ளை ‘டகி–டாகி’ போன்ற பொருளில்லாச் சொல்லில் தடுமாறலாம்.

பயிற்சிக்கு நாளுக்கு 10 நிமிடம் போதும். நீங்கள் சொல்லும் சொல்லில் குறிலுக்கு ஒரு புளியங்கொட்டை, நெடிலுக்கு இரண்டு வைக்கட்டும். வைத்த கையோடு அந்த எழுத்தையும் எழுதட்டும். எழுத்தோடு சேராத ஒலிப்பயிற்சி வாசிப்புக்குக் குறைவாகவே உதவும். தயவுசெய்து அதட்டிச் சொல்லாதீர்கள், சத்தத்தைக் கூட்டினால் எல்லை தெளிவாகாது. நெடிலை மட்டும் நீட்டி, நிதானமாகச் சொல்லுங்கள்.