சீனியர உக்கார வச்சிட்டு ரூக்கிய செகண்டரில இறக்குறது சரியா?

அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக்கான என்.எஃப்.எல்ல அனுபவசாலி இருக்கும்போது டிராஃப்ட்ல (டீமுங்க காலேஜ் பசங்கள வரிசையா எடுக்குற தேர்வு) புதுசா வந்த பையன, அதாவது ரூக்கிய, எதுக்கு செகண்டரில, அதாவது எதிரணி பாஸத் தடுக்குற பின்வரிசையில, கார்னர், சேஃப்டிங்குற இடங்கள்ல ஸ்டார்ட் பண்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. ரிஸ்க்தான், மறுக்கல. பாஸப் பிடிக்க ஓடுற எதிரணி ரிசீவர் உள்ள வெட்டுற மாதிரி தோள ஒரு ஆட்டு ஆட்டுவான், ரூக்கி அத நம்பி ரெண்டடி முன்னாடி வருவான், அதுக்குள்ள ரிசீவர் அவனத் தாண்டி பின்னாடி ஓடிருப்பான், அப்புறம் தடுக்க ஆளே இல்ல, நேரா எல்லைக் கோட்டத் தாண்டி டச்டவுன்தான்.

ஆனா இருக்குற சீனியரே அடி வாங்கிட்டிருந்தா என்ன பண்றது? 1980ல சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 6 ஜெயிச்சு 10 தோத்தாங்க, டல்லாஸ்கிட்ட 59-14னு தர்ம அடி வேற. அடுத்த வருஷம் கோச் பில் வால்ஷ் டிராஃப்ட்ல முதல் மூணு ரவுண்டுலயும் செகண்டரிக்கு ஆள் எடுத்தாரு: ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன். மூணு பேரும் ஸ்டார்ட்டர். பழைய ஆள்னு ஃப்ரீ சேஃப்டில ட்வைட் ஹிக்ஸ் மட்டும். என்னக் கேட்டா அந்த ஒரு ஆள விட்டு வச்சதுதான் புத்திசாலித்தனம், முழுசா பசங்க கையில குடுக்கல பாருங்க.

லாட் அந்த சீசன்ல 7 இன்டர்செப்ஷன் (எதிரணி பாஸப் பறிக்கிறது), அதுல 3 டச்டவுன். டீம் 13 ஜெயிச்சு 3 தோத்துச்சு. லீக் ஃபைனலான சூப்பர் பவுலுக்கு முந்தின மேட்ச், டல்லாஸோட நடந்த கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல ஃபார்ட்டி நைனர்ஸ் 28-27னு லீட், ஒரு நிமிஷம்கூட பாக்கியில்ல, டல்லாஸ் ரிசீவர் ட்ரூ பியர்சன் பந்தப் பிடிச்சு ஓடுறான், ரைட் ஒரு கையால ஜெர்சியப் பிடிச்சு இழுத்துப் போட்டான், அது நழுவியிருந்தா அந்த வருஷ சூப்பர் பவுல் கப்பே கிடையாது.