ஒரே நாளில் துவளும் தக்காளி

கேள்வி: என் தக்காளிச் செடிகள் காய் பிடிக்கும் நேரத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு, நாலைந்து நாளில் செத்துவிடுகின்றன. பாக்டீரியா வாடல் என்கிறார்கள். கம்போஸ்ட்டில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் இதை அடக்குமாமே? வாடிய செடிகளுக்கு இப்போது கொடுத்தால் பிழைக்குமா?

பதில்: பிழைக்காது. கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு பாத்தி முழுக்க ஊற்றி ஊற்றிப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கிறேன்.

நோய் அதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தண்டின் அடியை வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் வெட்டிய முனை மட்டும் முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல்தான். பூஞ்சை வாடலில் இப்படி இறங்காது. ரால்ஸ்டோனியா என்கிற இந்தப் பாக்டீரியா வேர்க்காயம் வழியாக நுழைந்து, தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அதற்குப் பிறகு நாம் மண்ணில் எதை ஊற்றினாலும் அங்கே எட்டாது.

நீங்கள் கேட்ட நல்ல நுண்ணுயிர்கள், அதாவது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள், வேலை செய்வது வேரின் மேல். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று அங்கேயே குடியேறும். மண்ணிலுள்ள இரும்புச்சத்தை எதிரிக்குக் கிடைக்காமல் இழுத்துக்கொள்ளும். எதிரியை அடக்கும் பொருள்களைச் சுரக்கும். செடியின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடும். இதெல்லாம் எதிரி வருவதற்கு முன்னால் நடக்க வேண்டும். அதனால் விதையிலேயே தொடங்குங்கள்: கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள். நடும்போது நாற்றின் வேரை அதன் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுங்கள். குளோரின் கலந்த தண்ணீர் வேண்டாம். தாமிர மருந்தோடும் கலக்காதீர்கள், நல்லதும் சேர்ந்து செத்துப்போகும்.

கம்போஸ்ட்டில் நான் செய்த தவறையும் சொல்கிறேன். வாடிய செடிகளைக் குவியலில் போட்டேன். சின்னக் குவியல், சூடே ஏறவில்லை. அடுத்த பருவம் அந்த உரம் போட்ட இடத்திலெல்லாம் வாடல். குவியலின் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டி மூன்று நாளாவது நிற்க வேண்டும். வெளியே இருப்பதும் உள்ளே போகும்படி கிளறிக் கிளறி விட வேண்டும். அப்படிச் செய்தாலும், நோய்ச்செடியை நான் இப்போது குவியலில் சேர்ப்பதே இல்லை. சூடு தணிந்து, நெடி போய், மண்வாசனை வந்த பிறகு சூடோமோனாஸைக் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் இரண்டு வாரம் வையுங்கள். சூட்டோடு போட்டால் அது தாங்காது. பேசில்லஸ் விதை போன்ற உறக்கநிலைக்குப் போய்ச் சூட்டையும் தாக்குப்பிடிக்கும்.

உங்கள் பாத்தியில் நோய் ஏற்கெனவே ஊறிவிட்டது. அங்கே நுண்ணுயிர் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். வாடியவற்றை வேரோடு எடுத்து அழித்துவிடுங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் பாயக் கூடாது. அப்புறம், அங்கே சில பருவங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். மக்காச்சோளம் போடுங்கள். தக்காளி நாற்றை வேறு இடத்தில், ஆறிப் பழுத்த உரத்தில் விடுங்கள்.