கொடுப்பில் அடக்குங்கள்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 43. பத்தொன்பது வருடம், தினமும் 14 சிகரெட். விட்டு ஐந்து மாதம் ஆகிறது. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறார். 41 வயது. நாளைக்கு ஒரு கட்டு பீடி. மாமியார் வீட்டிலேயே பீடி சுற்றுவதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. மச்சானுக்கு மூச்சிழுப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். புற்றுநோய் வந்த வாயின் படத்தைத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். "நீ வுட்டா வுட்டுக்கோ மாமா, என்னிய வுடு" என்கிறார். அவரை எப்படி நிறுத்த வைப்பது?

எனக்கும் ஐந்து மாதமாகியும் எரிச்சல் போகவில்லை. ராத்திரி தூக்கமில்லை, கை லேசாக நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நிகோடின் இன்னும் ரத்தத்தில் இருக்கிறதா? எடை நாலு கிலோ ஏறிவிட்டது. சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு டீ குடித்துச் சமாளிக்கிறேன். முன்பு அஞ்சு டீ, இப்போது ஒன்பது. ஒருமுறை நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். விக்கல்தான் வந்தது. வைராக்கியம்தான் மருந்து என்று அதைத் தூக்கிப்போட்டேன். ஆனால் கங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று ராத்திரி உறவுக்காரர்களோடு நின்றபோது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். அதிலிருந்து மனசே சரியில்லை. எல்லாம் போச்சா? பீடியில் கெடுதல் குறைவு என்கிறாரே மச்சான், நிஜமா? இ-சிகரெட்டுக்கு மாறச் சொல்லலாமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். இ-சிகரெட் விற்பனைக்கு 2019இலேயே நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. அதை விடுங்கள். பீடியில் கெடுதல் குறைவு என்பது சோம்பேறிக் கணக்கு. ஒரு பீடிக்குள் இருக்கும் தூள் சுமார் கால் கிராம்தான், சிகரெட்டில் அதைப்போல மூன்று மடங்கு. ஆனால் பீடி இலை தானாக எரியாது. இழுப்பை நிறுத்தினால் அணைந்துபோகும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை, பல சமயம் கூடுதல். காட்டு இலை என்பதால் நுரையீரல் சலுகை தராது.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உட்கார்ந்து எழுத வைத்த சொல்லுக்கு வருகிறேன். வைராக்கியம்.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே குறித்து வைத்திருந்தேன். புகையை விட்டவரைப் பார்த்தால் "பெரிய வைராக்கியக்காரன்" என்கிறோம். மறுபடி தொட்டவரைப் பார்த்தால் "மனசுல உறுதி இல்ல". இரண்டுமே வெட்டிப் பேச்சு. தறி நெய்கிறவரிடம் இழை அறுந்தால் உறுதி இல்லை என்றா சொல்கிறோம்? எங்கே அறுந்தது, பாவு இறுக்கமா, முடிச்சு சரியில்லையா என்று பார்ப்போம். புகையை விடுவதும் அதுபோல ஒரு கைவேலை. அளவு உண்டு, நேரம் உண்டு, செய்முறை உண்டு. செய்முறையைத் தப்பாகச் செய்துவிட்டு மனசைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த சூயிங்கத்தையே எடுத்துக்கொள்வோம். விக்கல் வந்தது என்கிறீர்களே, எப்படி மென்றீர்கள் என்று எழுதவில்லை. எழுதவே தேவையில்லை. பெட்டிக்கடை பபிள்கம்மைப்போல மளமளவென்று மென்று, ஊறிய எச்சிலை விழுங்கியிருப்பீர்கள். கூடவே ஒரு டீ அல்லது காபி. நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். விழுங்கினால் வயிற்றைச் சுடும், விக்கல் வரும், நெஞ்செரியும். குடலில் இறங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முறித்துவிடும். காசு கொடுத்து விக்கல் வாங்கியதுதான் மிச்சம்.

உங்கள் மாமியாரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். வெற்றிலை பாக்கை எப்படிக் கொடுப்பில் அடக்குகிறோமோ அப்படி அடக்க வேண்டும். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். மிளகு கடித்ததுபோல நாக்கில் சுருக்கென்று ஏறும். உடனே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். மறுபடி நாலைந்து மெல்லு, மறுபடி காரம், இந்த முறை எதிர்க் கொடுப்பு. இப்படி அரை மணி நேரம். காபி, குளிர்பானம், எலுமிச்சம்பழ ஜூஸ் எதையும் மெல்லுவதற்குக் கால்மணி முன்னாலிருந்தே தொடக்கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் தோலுக்குள் இறங்காது. தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

அடுத்த தப்பு நேரத்தில். சிகரெட் இழுத்தால் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. கம்முக்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆசை கழுத்தைப் பிடித்தபிறகு கம்மைத் தேடுவது, வீடு பற்றியபிறகு கிணறு தோண்டுகிற கதை. கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணிக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று. மொத்தம் 12 வாரம். ஆரம்பத்தில் நாளுக்குக் குறைந்தது எட்டு ஒன்பது கம் வேண்டும். 24ஐத் தாண்டக்கூடாது. நம் ஆட்கள் ஒரு நாளைக்கு இரண்டு போட்டுவிட்டு, "இதெல்லாம் வேலைக்கு ஆகாது சார்" என்பார்கள். ஜுரத்துக்கு மாத்திரையைக் கிள்ளி நக்கிவிட்டு ஜுரம் விடவில்லை என்பதுபோல.

அளவும் முக்கியம். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைக்கிறவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

தினமும் போடும் கம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. விட்ட மூன்றாவது நாளே உங்கள் ரத்தத்தில் நிகோடின் இல்லை. விட்டதால் வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஐந்தாவது மாதம் கை நடுங்கினால் அதற்கு வேறு காரணம் பார்க்க வேண்டும், நீங்களே கடிதத்தில் எழுதியும் விட்டீர்கள். ஒன்பது டீ.

புகையில் இருக்கும் தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காஃபினை உடைக்கிற நொதியும் அதுதான். புகைக்கிறவர் உடம்பில் காஃபின் சீக்கிரம் கரைந்துபோகும். புகையை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் அந்த நொதி பழைய நிலைக்கு வந்துவிடும். அதே அஞ்சு டீ குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கும். நீங்கள் அஞ்சை ஒன்பது ஆக்கியிருக்கிறீர்கள். படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் கிளாஸில் இருக்கிறது. இதை நிகோடின் ஆசை என்று நினைத்து இன்னொரு டீ குடிக்கிறீர்கள். விட்டவர்களில் எத்தனை பேர் "சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை" என்று திரும்பிப் போகிறார்களோ, அதில் ஒரு பங்காவது டீயின் வேலை என்பது என் தீர்மானமான எண்ணம்.

எடைக்கும் இங்கேயே பதில். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஒன்பது டீக்கு 18 ஸ்பூன் சர்க்கரை, எழுபது எண்பது கிராம். விட்டபிறகு முதல் வருடத்தில் நாலைந்து கிலோ ஏறுவது சகஜம்தான். நீங்கள் அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கிறீர்கள்.

நாளையிலிருந்தே ஒன்பதை இரண்டாக வெட்டாதீர்கள், தலைவலி பிய்த்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு டீ குறையுங்கள், மூன்றில் நிறுத்துங்கள். கடைசி டீ சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால். முக்கியமாக, கடையை மாற்றுங்கள். எந்தக் கடையில் கயிற்றில் லைட்டர் தொங்குகிறதோ, அங்கே நின்றுகொண்டு டீ குடிக்கிறவரின் கை தானாக அந்தக் கயிறுக்குப் போகும். பத்தொன்பது வருடம் வலதுகையில் கிளாஸ், இடதுகையில் சிகரெட். அந்த இடதுகைக்கு என்ன கொடுத்தீர்கள்? உட்கார்ந்து குடிக்கிற ஓட்டலுக்குப் போங்கள், அல்லது வீட்டில் குடியுங்கள். ஆசை எழுந்தால் நாலைந்து நிமிடம்தான், புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அடங்கும். அந்த நேரத்துக்கு டீ வேண்டாம். பானைத் தண்ணீர் ஒரு சொம்பு குடித்துவிட்டு, தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.

சிரசு ராத்திரி இரண்டு இழுப்பு. ஒன்றும் போய்விடவில்லை, தம்பி. ஐந்து மாதம் சுத்தமான நுரையீரல் இரண்டு இழுப்பில் பழையபடி ஆகிவிடாது. ஆளைக் கவிழ்ப்பது அந்தப் புகையைவிட, மறுநாள் காலையில் மனசுக்குள் ஓடும் "சரி, போச்சு" என்கிற வார்த்தை. அதற்குப் பதிலாக ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எத்தனை மணி, யாரோடு, கையில் என்ன இருந்தது, சாப்பிட்டாயிற்றா, தூங்கி எத்தனை நேரம். திருவிழாவில் ராத்திரி கண்விழிப்பு, பசி, வெளியூர் உறவுக்காரர்கள், யாரோ நீட்டிய பெட்டி. அடுத்த வைகாசிக்கு இது முன்னாலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு கம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குள் போகும் முன் ஒன்றைக் கொடுப்பில் அடக்குங்கள்.

ஆனால் "விசேஷத்துக்கு மட்டும் ஒண்ணு" என்று ஆரம்பிக்காதீர்கள். 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு இதயநோயால் வரும் கூடுதல் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு புகைக்கு இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இதயத்துக்குப் பொருந்தாது.

மச்சானை மறந்துவிட்டேன் பாருங்கள்.

அந்த வாட்ஸ்அப் படங்களை இன்றோடு நிறுத்துங்கள். பல் துலக்கும் முன்னாலேயே அழுகிய வாயைப் பார்க்கிறவர் என்ன செய்வார்? முதல் பீடியைப் பற்றவைப்பார். விட்டவர்கள் பிறரிடம் காட்டும் இந்த ஆவேசம் பாதி பயம். அவர் பிடிக்கும்போது தனக்கும் ஆசை வருகிறதே என்ற பயம். அதை அவர்மேல் கொட்டாதீர்கள். வீட்டுக்குள் புகை வேண்டாம், வாசலுக்கு அந்தப்பக்கம் போய்ப் பிடித்துக்கொள் என்று ஒரே ஒரு விதி போடுங்கள். அதற்குமேல் பேச வேண்டாம்.

மாமியார் பீடி சுற்றும் முறத்தைப் பற்றி ஒரு சொல் பேசிவிடாதீர்கள், அது அவர் கூலி. இலையையும் தூளையும் எடைபோட்டுக் கொடுக்கிறவர்கள் எண்ணிக்கை கேட்பார்கள். மகன் தினம் முறத்திலிருந்து 25 எடுத்தால் நாற்பது நாளைக்கு ஆயிரம் பீடி, அந்த ஆயிரத்துக்கான கூலி. இந்தக் கணக்கை நீங்கள் மச்சானிடம் சொன்னால் சண்டை. அம்மா சொன்னால் வேறு. சுற்றிய கட்டுகளையும் தூளையும் மூடி போட்ட டப்பாவில் வைக்க மட்டும் உதவுங்கள், பிள்ளைகள் நடமாடும் வீடு.

மச்சானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் அவர் இருமி முடித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில்: "எழுந்து எவ்வளவு நேரத்துல மொத பீடி?" பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். அரை மணிக்குள் என்றால் எந்த அளவு கம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவரே என்றைக்காவது "எப்டி மாமா வுட்ட?" என்று கேட்பார். அன்றைக்கு வைராக்கியக் கதை சொல்லாமல் கொடுப்பில் அடக்கும் விதத்தைச் சொல்லுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் கொடுங்கள். பீடிக்கட்டு, சிகரெட் பெட்டி மேலேயே அச்சடித்திருப்பார்கள். பிரிட்டனில் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், 40 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 9 ஆண்டு ஆயுள் திரும்பக் கிடைத்தது. உங்கள் மச்சானுக்கு 41.

அவர் விடுகிற அன்று நீங்கள் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று உண்டு. மூச்சிழுப்பு மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். அதில் தியோஃபிலின் என்று இருந்தால், காஃபினுக்குச் சொன்ன கதைதான் அதற்கும். அதே நொதி. புகையை நிறுத்திய ஒரு வாரத்தில் மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். குமட்டல், வாந்தி, படபடப்பு வரும், கவனிக்காவிட்டால் ஆபத்து. மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். விடும் தேதிக்கு முன்னாலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ, அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ கூட்டிக்கொண்டு போய், "இவர் பீடியை நிறுத்தப் போகிறார், மாத்திரை அளவைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.